பொட்டு வைத்த பிளாப்பி

வியாழன், 17 அக்டோபர் 1996

இத்தனை நேரங்கழித்து உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டே கால். பகலில் நோட்டைத் திறந்தால் யாராவது எட்டிப் பார்க்கிறார்கள். கப்பலுக்குக் கடிதம் வர ஒரு மாதம் ஆகிறது, தினமும் நாலு வரி எழுதி மொத்தமாக அனுப்பு என்று நீங்கள் சொன்னபடி இன்றைக்குத்தான் எண்பது பக்க நோட்டு வாங்கினேன்.

பெரிய செய்தி: உங்கள் அண்ணாச்சி மதுரையிலிருந்து மல்டிமீடியா செட் வாங்கி வந்துவிட்டார். சவுண்ட் கார்டு, சிடி டிரைவ், ரெண்டு ஸ்பீக்கர், ஒரே ஒரு டிரைவர் பிளாப்பி. அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு அந்தக் கார்டு எதற்கு இருக்கிறது என்றே தெரியாது. நோட்டீசும் அடித்தாகிவிட்டது. "கம்ப்யூட்டர் பேசும்! பாடும்! விஜயதசமி அன்று நேரில் வாருங்கள்." கீழே நம் சென்டரில் டைப்ரைட்டிங்குக்கு இந்த வருஷம் ஆறு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். இது ஓடாவிட்டால் சென்டரை மூடிவிட்டுக் கீழ்த்தளத்தை மிட்டாய்க் கடைக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொல்கிறார். வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே அது பேசினால் என்னால், பேசாவிட்டாலும் என்னால்.

பிளாப்பியைப் போட்டதும் முதல் வேலையாக இன்னொரு பிளாப்பியில் அதற்குக் காப்பி எடுத்துவிட்டேன். காலேஜ் லேபில் எஸ்தர் மேடம் "முதல்ல காப்பி, அப்புறம் கை" என்று தலையில் குட்டிக் குட்டிப் பழக்கினது. காப்பியை மாடியில் கயலின் தடுப்பூசி அட்டை இருக்கிற டப்பாவில் வைத்திருக்கிறேன்.

கயல் நன்றாக இருக்கிறாள். எடை ஒன்பதரை. ஒரு வயது ஏழு மாதத்துக்குக் குறைச்சல்தான், டாக்டர் பயப்பட வேண்டாம் என்கிறார். நான் பயப்படுகிறேன்.

இன்னொன்று. இன்றைக்கு என்னைப் பார்த்து "சித்தி" என்றாள். அண்ணாச்சி மகள் மீனலோசனி நாள் முழுக்க என்னைச் சித்தி சித்தி என்றும் செண்பகக்காவை அம்மா என்றும் கூப்பிடுகிறாள் அல்லவா, அதைக் கேட்டு இவளும் அப்படியே பிடித்துக்கொண்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெள்ளி, 18 அக்டோபர்

காலை ஒன்பதுக்குக் கீழே இறங்கினவள், மேலே வரும்போது மணி ஏழு. கார்டைச் சொருகினேன், விண்டோஸில் டிரைவரைச் சேர்த்தேன், சோதனைக்கு ஒரு மணிச் சத்தத்தை அழுத்தினேன். "டிங்" என்று வர வேண்டும். "டி-டி-டி-டி-டி" என்று ஆரம்பித்தது, நிறுத்தவே முடியவில்லை. கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துபோய், சுவிட்சை அணைத்துத்தான் வாயை அடைத்தோம்.

அண்ணாச்சி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "ஏம்மா, நோட்டீஸ்ல பேசும்னுதான் போட்டிருக்கோம். திக்கும்னு போடலையே" என்றார்.

இதற்கு நடுவில் பின்வாசல் வழியாக அக்கா கயலுக்குச் சோறு ஊட்டுகிற சத்தம். "இந்தா, இது ஆறுமுகநேரி காக்காவுக்கு, இது கடம்பூர் காக்காவுக்கு…" ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாய். பதினெட்டு ஊர் வரை எண்ணினேன். என்னிடம் அவள் ஐந்து வாய்க்கு மேல் வாங்கினதில்லை. அந்தக் காக்கா கதையை நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் காக்காவை அவள் நம்புவதில்லை.

சனி, 19 அக்டோபர்

கண்டுபிடித்துவிட்டேன்! கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் அதைக் கூப்பிட ஒரு எண் உண்டு. நம் பிரிண்டருக்கு ஏழு. இந்தக் கார்டும் ஏழிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யார் கூப்பிட்டது, யாரைக் கவனிப்பது என்று தெரியாமல்தான் அது திக்கியிருக்கிறது. கார்டைக் கழற்றினால் உளுந்து அளவில் ஒரு பிளாஸ்டிக் குல்லா இருக்கிறது. கொண்டை ஊசியால் அதை நெம்பி ஏழிலிருந்து ஐந்துக்கு மாற்றினேன். இனிப் பழைய டிரைவரை அழித்துவிட்டு, பிளாப்பியிலிருந்து புதிதாகப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பழையதை அழித்து முடித்தேன். கரண்ட் போய்விட்டது. வந்தபோது மணி ஆறரை. அதற்குள் பூஜைக்குப் பொருள் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். டைப்ரைட்டர், கணக்கு நோட்டு, மீனுவின் புத்தகம், என் ஸ்குரூ டிரைவர், பிளாப்பி எல்லாம் மேஜைக்குப் போய்விட்டது. அக்கா கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் சுட்டுவிரலைச் சந்தனத்தில் தோய்த்துத் தோய்த்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். "அம்மா எப்படி வைக்கேன் பாரு. இந்தா, இதுக்கு ஒண்ணு. அம்மாவுக்கு ஒண்ணு." கயல் "அம்மா" என்று சொல்லி அக்கா நெற்றியிலும் ஒன்று வைத்தாள்.

நான் துணி மடித்தேன். நிறைய துணி இருந்தது.

ஞாயிறு, 20 அக்டோபர்

ஆயுத பூஜை. எதையும் தொடக்கூடாது. சுண்டல், பொரி, அவல். இன்றைக்கு என்னை ஏழு தடவை சித்தி என்றாள்.

திங்கள், 21 அக்டோபர்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்குப் பிள்ளைகளோடு முப்பது பேர் வந்துவிட்டார்கள். பூஜை மேஜையிலிருந்து பிளாப்பியை எடுத்து, அண்ணாச்சியே சாமி கும்பிட்டுவிட்டு என்னிடம் தந்தார். உள்ளே தள்ளினேன். கர்ர், கர்ர், கர்ர் என்று இரைந்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி. மறுபடி. வெளியே எடுத்துப் பார்த்தால் பிளாப்பியை மூடுகிற நகரும் தகட்டுக்கு மேலே ஒரு பொட்டு, தகட்டை ஒதுக்கி உள்ளே இருக்கிற வட்டத்தில் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். சந்தனம் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது.

அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. எல்லோருக்கும் காபி கொண்டுவந்துகொண்டிருந்த அக்காவைப் பார்த்து, "அறிவிருக்கா உனக்கு? பிளாப்பிக்குப் பொட்டு வைப்பாளா ஒருத்தி? இது என்ன ஆட்டுரலா?" என்றார். காபித் தட்டோடு அக்கா அப்படியே நின்றாள். "போன வருசம் டைப்ரைட்டருக்கு வச்சேன்லா, அது நல்லாத்தான அடிச்சுது" என்று மெல்லச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சிக்கு இன்னும் ஏறிவிட்டது. "எட்டாங்கிளாஸைத் தாண்டாதவ கையில ஏந்தான் இதையெல்லாம் விட்டேனோ" என்றார். அத்தனை பேர் முன்னாலும்.

மதுரைக் கடைக்குப் போன் போட்டால், சென்னையிலிருந்து வர வேண்டும், நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். வந்தவர்களிடம் அடுத்த ஞாயிறு வரச் சொல்லி அனுப்பினோம். நாலு பேர்தான் பெயர் கொடுத்தார்கள்.

டப்பா மாடியில்தான் இருந்தது. பதினான்கு படி. ஏன் ஏறவில்லை என்று இப்போது கேட்காதீர்கள்.

செவ்வாய், 22 அக்டோபர்

காலையில் கயலைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். உங்கள் மதினி கையை நீட்டவில்லை.

"உம் பிள்ளைய நீயே வச்சுக்கோ மங்கை. எங்கை பட்டா எல்லாம் கெட்டுப்போவுதாம்லா."

"என்னக்கா இப்படிச் சொல்லுதீங்க."

"நானா சொல்லுதேன்? ஊரே கேட்டுச்சு."

சரி என்று நாள் முழுக்க நானே வைத்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், ரெட்டைச் சடை போட்டேன், போட்டோவில் உங்களைக் காட்டி அப்பா சொல்லிக்கொடுத்தேன். என்னைத் தவிர வேறு யாரும் அவளைத் தொடவில்லை. சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் தப்பா? இருந்தது. மதியம் வரைக்கும்.

புதன், 23 அக்டோபர்

சாப்பிட மாட்டேன் என்கிறாள். நேற்றிலிருந்து பாலும் ரெண்டு பிஸ்கட்டும்தான். கடம்பூர் காக்கா, கயத்தாறு காக்கா எல்லாம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். துப்புகிறாள். அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டு "அம்மா, அம்மா" என்கிறாள். உங்கள் மதினி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தேங்காய் துருவுகிறாள். தேங்காயைத் துருவி முடித்த பிறகும் வெறும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன்.

நான் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். என்னை அடித்தாள். சின்னக் கைதான். வலித்தது.

வியாழன், 24 அக்டோபர்

எடை ஒன்பதே கால். காய்ச்சல் இல்லை. மூன்று தடவை பார்த்தேன்.

வெள்ளி, 25 அக்டோபர்

மத்தியானம் டப்பாவைத் திறந்து காப்பியை எடுத்துவிட்டேன்.

கீழே கொண்டுபோய்ப் போட்டேன். டிரைவ் உள்ளே ஒட்டின சந்தனத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் முதலிலேயே துடைத்து வைத்திருந்தேன். எண் ஐந்து என்று கொடுத்தேன். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். "டிங்." ஒரே ஒரு டிங், சுத்தமாக. பிறகு மிருகங்கள் சிடியைப் போட்டு யானைப் படத்தை அழுத்தினேன். பிளிறின பிளிறலில் எதிர்க் கடலைமிட்டாய்க் கடைக்காரர் தராசை விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார்.

அண்ணாச்சி, "எப்படிம்மா?" என்றார். கெட்டுப்போன பிளாப்பியையே துடைத்துச் சரிபண்ணிவிட்டேன் என்று வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் வந்த பிறகு திரும்ப எடுக்கவும் இல்லை.

அவர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ, செண்பகம்! நீ கெடுத்ததை மங்கை சரிபண்ணிட்டா. படிச்சவ படிச்சவதான்." மேலே பாத்திரம் விளக்குகிற சத்தம் நின்றது.

இவ்வளவு நாள் நான் கேட்க ஆசைப்பட்ட பேச்சு அது. இந்த வீட்டில் என்னை அக்காவுக்கு மேலே வைத்து ஒருவர் சொல்ல மாட்டாரா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் தெரியுமா. கேட்டதும் அங்கே இருக்க முடியாமல் ரோட்டில் போய் நின்றுகொண்டேன்.

சனி, 26 அக்டோபர்

சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குப் பூஜைக்கு முதல் நாள், துணி மடித்தேன் என்று எழுதினேன் அல்லவா. மடித்தது உண்மைதான். ஆனால் அறை வாசலில் நின்றுகொண்டு மடித்தேன். அக்கா பிளாப்பியை எடுத்ததைப் பார்த்தேன். கயல் விரலைப் பிடித்து முதல் பொட்டு வைத்ததைப் பார்த்தேன். தகட்டைத் தள்ளி உள்ளே ரெண்டாவது பொட்டு வைத்ததையும் பார்த்தேன். "அக்கா, வேண்டாம்" என்று ஒரு வார்த்தை. வாயைத் திறக்கவில்லை. கயல் அம்மா என்று சொல்லி அவள் நெற்றியில் பொட்டு வைத்தபோது, கெட்டுப்போகட்டும், இவள் ஏச்சு வாங்கட்டும் என்று நினைத்தேன். என்னிடம் காப்பி இருக்கிறது என்ற தைரியத்தில் நினைத்தேன்.

இன்று சாயங்காலம் அக்கா மொட்டை மாடியில் வடகம் எடுத்துக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி இருந்தது, வாசலில் நின்றது, சரிபண்ணினேன் என்று பொய் சொன்னது, எல்லாம். கத்துவாள் என்று நினைத்தேன். வடகத்தைத் துணியிலிருந்து உரித்துக்கொண்டே இருந்தாள்.

"நீ நின்னது எனக்குத் தெரியும்லா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நெலையில சாஞ்சு பாத்துக்கிட்டுல்லா இருந்த. தப்புன்னா இவ சொல்லுவாளேன்னுதான் ரெண்டாவது பொட்டும் வச்சேன். உன்னைப் பாத்துட்டுத்தான் வச்சேன்."

"அதை ஏங்கா பெரிய அத்தான்கிட்ட நீங்க சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? அவ பாத்துக்கிட்டு நின்னா, அவளையும் ஏசுங்கன்னா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. "அப்படி என்னட்டி உனக்கு எம்மேல?" என்றாள்.

"பிள்ள உங்களை அம்மாங்கா."

"நானா சொல்லிக்கொடுத்தேன்?"

"'அம்மா எப்படி வைக்கேன் பாரு'ன்னு சொன்னீங்கள்ளா."

அவள் வடகத் துணியை உதறினாள். பிறகு, "வாய்ல வந்துருது" என்றாள். "மீனுவுக்கப்புறம் ரெண்டு தங்காமப் போச்சு. உனக்குத் தெரியுமே." தெரியும். தெரிந்துதான் இத்தனையும் செய்தேன்.

இறங்கப்போகும்போது கேட்டாள். "நெசத்தச் சொல்லு. பிள்ள ஒருக்காலும் எங்கிட்ட வரலேன்னு வச்சுக்கோ. உனக்குச் சோறு எறங்குமா?"

"எறங்கும்கா" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வடகச் சுளகால் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "போ, கொள்ளிக்கண்ணி. அவர்ட்ட ஒண்ணும் சொல்லாத. எனக்கு ஏச்சு புதுசில்ல. உனக்குப் பழக்கமில்ல."

ராத்திரி கயல் அவள் கையால் பதினாறு ஊர் சாப்பிட்டாள். நான் எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

ஞாயிறு, 27 அக்டோபர்

இன்றைக்கு நாற்பது பேருக்கு மேல். பெஞ்சு போதாமல் டைப்ரைட்டிங் மேஜையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"போன வாரம் வந்தவங்க மன்னிக்கணும். கம்ப்யூட்டருக்கு ஒரு குறையுமில்ல. எங்க வீட்டம்மா பிளாப்பியச் சாமின்னு நெனச்சுப் பொட்டு வச்சுட்டா. நல்லவேளை, தேங்கா ஒடைக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா வாசலில் கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தாள். பதினேழாம் தேதி நான் சிரித்த அதே மாதிரி.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்திருக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"பெரிய அத்தான், அவங்க மேல தப்பில்ல. பொட்டு வைக்கும்போது நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். வேண்டாம்னு சொல்லல. காப்பி ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. போன வாரமே குடுத்திருக்கலாம். குடுக்கல. சரிபண்ணினேன்னு சொன்னதும் பொய்."

பின்வரிசையில் ஒருவர், தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி போலிருக்கிறது, மகனை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப காப்பி எடுக்கவும் இங்க சொல்லித் தருவீங்களாக்கும்?" என்றார். நிஜமாகத்தான் கேட்டார். "தருவோம்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி என்னைப் பார்க்காமலேயே யானையை அழுத்தினார். பிளிறியது. பிள்ளைகள் எல்லாம் கூச்சல். கயல் மிரண்டு, அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். நான் கையை நீட்டினேன். வரவில்லை. இருபத்தோரு பேர் சேர்ந்தார்கள்.

கூட்டம் போன பிறகு அண்ணாச்சி கணக்கு மேஜையில் உட்கார்ந்து சொன்னார். "வீட்டுக்குள்ள இருக்கிற பொறாமைய நாலு பேர் முன்னால கொண்டாந்து வச்சுட்ட. நாளையிலிருந்து கீழ வர வேண்டாம். தம்பிக்கு நான் எழுதுதேன்."

அக்கா காபி தம்ளரை எடுக்க வந்தவள் நின்றாள். "நல்லா எழுதுங்க. என்னை நாலு பேர் முன்னால ஏசினதையும் ஒரு வரி சேத்து எழுதுங்க. இருபத்தோரு பிள்ளைக்கு நாளைக்கு யாரு பாடம் எடுப்பாங்கிறதையும் எழுதுங்க. நானா எடுப்பேன், எட்டாங்கிளாஸ்?"

அவர் சாயங்காலம் வரை யோசித்துவிட்டு, "தம்பி என்ன சொல்லுதானோ அதுபடி. அதுவரைக்கும் நீ வகுப்பை நடத்து" என்றார். ஆகவே இப்போது உங்கள் வார்த்தையில் இருக்கிறது. அவருடைய கடிதமும் இந்த நோட்டும் நாளைக்கு ஒரே ஆள் கையில் தூத்துக்குடி கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்குப் போகின்றன. எதை முதலில் பிரிப்பீர்களோ தெரியாது. ரெண்டையும் படியுங்கள்.

மாடியிலேயே பிள்ளையோடு இரு என்று நீங்கள் எழுதினால் இருப்பேன். கொஞ்ச நாளில் அவள் என்னை அம்மா என்று சொல்லிவிடுவாள். கீழே போ என்று எழுதினால் பகல் முழுக்க அவள் அக்காவிடம் இருப்பாள், அக்காவைத்தான் அம்மா என்பாள், நான் சித்தியாகவே இருப்பேன். எனக்கு வயிறு எரியும். அது தீரும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனாலும் எனக்குக் கீழே போகத்தான் ஆசையாக இருக்கிறது. அந்த ஒற்றை "டிங்" கேட்டபோது, அஞ்சு வருஷத்துக்குப் பிறகு நான் படித்த படிப்பு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெற்றவள் இப்படி எழுதலாமா என்று கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

கயல் நன்றாகத் தூங்குகிறாள். மூச்சு சீராக இருக்கிறது.

போகவா, இருக்கவா? எதுவானாலும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

மங்கை